அமெரிக்காவிலும் தண்ணி லாரி வரும்

"காசுள்ள நாட்டுல தண்ணிக்கு என்னங் மாப்பிள்ளை கேடு?" என்று மாமா கேட்டார். கலிபோர்னியாவில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோய், லாரித் தண்ணீரில் காலம் தள்ளினோம் என்று ஊருக்கு வந்து சொன்னபோது அவர் மட்டுமல்ல, பங்காளிகள் யாருமே நம்பவில்லை. சினிமாவில் பார்க்கிற அமெரிக்காவில் நீச்சல்குளம் உண்டு, பச்சைப் புல்வெளி உண்டு. வாசலில் பிளாஸ்டிக் தொட்டியை வைத்துக்கொண்டு லாரி எப்போது வரும் என்று பார்த்திருக்கும் குடும்பம் அதில் வராது. நாங்கள் அப்படிப் பார்த்திருந்தோம். அங்கே கண்டதையும், திரும்பி வந்தபின் காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் அதை வைத்து என்ன செய்கிறேன் என்பதையும் எழுதுகிறேன். தென்னை வைத்திருப்பவர்களுக்கும், அடுத்த போர்வெல் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவலாம்.

கலிபோர்னியாவின் நடுவில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கின் தென்பகுதியில் இருக்கிறது டுலேரி மாவட்டம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கிற கலிபோர்னியா வேறு, இது வேறு. இங்கே பால் பண்ணை, பாதாம், ஆரஞ்சு, திராட்சை. ஒரு பால் ஆலையில் எந்திரப் பராமரிப்பு வேலை எனக்கு. போர்ட்டர்வில் நகரத்தை ஒட்டி, நகர எல்லைக்கு வெளியே வாடகை வீடு. எல்லைக்கு வெளியே போய்விட்டால் நகராட்சித் தண்ணீர் கிடையாது. வீட்டுக்கு வீடு சொந்த போர்தான்.

2014 கோடையில் குழாய் தகராறு செய்ய ஆரம்பித்தது. திறந்தால் முதலில் காற்று, அப்புறம் ஒரு பீச்சு, மறுபடி காற்று. துணி துவைக்கும் எந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே நைசான சாம்பல் நிற மணல். தோட்டத்துச் சாளை வீட்டில் வளர்ந்தவனுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டார் காத்து இழுக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் வயதானவர். அவர் சுவிட்சுப் பெட்டியைத்தான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நினைவு தெரிந்து அந்த ஊரில் தண்ணீர் நின்றதே இல்லையாம். வீட்டு போர் நூறு அடிக்குள்தான். சாலையைத் தாண்டினால் தோப்பு. அந்தப் பக்கம் தோப்புகளுக்குப் போடுகிற போர்கள் ஆயிரம் அடியையும் தாண்டும். யார் தண்ணீர் எங்கே போனது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

சரி, இன்னும் ஆழமாக ஒரு போர் போட்டுவிடலாம் என்றால், வண்டி கிடைக்கவில்லை. மாவட்டம் பூராவும் ஒரே நேரத்தில் போர் வற்றினால் என்ன ஆகும்? வரிசையில் பெயர் எழுதிவைத்து அடுத்த வருஷம் வரைகூடக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நம்ம பக்கத்தில் காலையில் போன் போட்டால் சாயங்காலம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி காட்டுக்குள் நிற்கும். அன்றைக்கு எனக்கு அது பெருமையாகத்தான் தோன்றியது. இப்போது யோசித்தால், வண்டி அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதும் ஒரு சிக்கல்தான். யோசிக்க அவகாசமே இருப்பதில்லை.

பக்கத்தில் கிழக்கு போர்ட்டர்வில் பகுதியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் போர் வற்றியது. வாசலில் 2,500 கேலன், அதாவது ஏறக்குறைய 9,500 லிட்டர் பிடிக்கும் தொட்டிகளை இறக்கினார்கள். லாரி வந்து நிரப்பும். குடிக்க பாட்டில் தண்ணீர் தனி. ஒரு தேவாலய வளாகத்தில் குளிப்பதற்குத் தற்காலிகக் குளியலறைகள்கூட வைத்தார்கள். அந்த மக்களில் பெரும்பாலோர் தோப்புகளிலும் பொட்டலம் கட்டும் கூடங்களிலும் வேலை செய்கிறவர்கள். பகலெல்லாம் சொட்டுநீர் ஓடும் தோப்பில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்தால் குளிக்கத் தண்ணீர் இருக்காது. குடிக்கவும் சமைக்கவும் புழங்கவும் நல்ல தண்ணீர் பெறுவது ஒவ்வொரு மனிதரின் உரிமை என்று 2012இலேயே சட்டம் போட்ட மாநிலம் அது. அந்தப் பகுதியை நகரக் குழாயோடு இணைத்து முடிக்கப் பிறகும் சில வருஷங்கள் ஆயின.

இதற்கெல்லாம் மழை இல்லாததுதான் காரணம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். பொய் இல்லை. 2012 முதல் 2016 வரை கடுமையான வறட்சி. அந்த மாநிலத்துத் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சியரா நெவாடா மலையில் விழும் பனியில் இருந்து வருகிறது. குளிர்காலத்தில் சேர்ந்து, கோடையில் மெல்ல உருகி வாய்க்காலுக்கு வரும். 2015 ஏப்ரல் 1 அன்று பனி அளக்கும் இடத்தில், ஆளுயரப் பனி இருக்க வேண்டிய புல்தரையில் நின்றுகொண்டு ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நகரங்களுக்கு 25 சதவீதம் கட்டாய வெட்டு அறிவித்தார். (அங்கே ஆளுநர் என்றால் நம்ம முதலமைச்சர் மாதிரி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுபவர்.) அந்த வருஷம் பனியின் அளவு சராசரியில் வெறும் 5 சதவீதம்.

ஆனால் வறட்சி அந்த மண்ணுக்குப் புதிது அல்ல. போர்ட்டர்வில்லில் சராசரியாக வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர் பெய்வதே கஷ்டம். கொங்குச் சமவெளி மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதிதான் என்றாலும் நமக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, 600, 700 மில்லிமீட்டர் பெய்கிறது. பஞ்சம் மழையைப் பொறுத்து மட்டும் வருவதாக இருந்தால் அவர்கள் எப்போதோ ஊரைக் காலிசெய்திருக்க வேண்டும். நாம் நிம்மதியாக இருக்க வேண்டும்.

நான் புரிந்துகொண்ட முதல் காரணம், இருக்கிற தண்ணீரை எண்ணிப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்பது. கலிபோர்னியாவில் ஆற்றுத் தண்ணீருக்கு யார் முதலில் பாத்தியதை வாங்கினாரோ அவருக்கே முதல் உரிமை. 1914க்கு முன்னால் எடுத்தவர்கள் பழைய உரிமைக்காரர்கள், அவர்கள் கிட்டே யாரும் எளிதில் நெருங்க முடியாது. பவானி ஆற்றில் பழைய ஆயக்கட்டுக்கும் கீழ்பவானி ஆயக்கட்டுக்கும் யாருக்கு முதல் தண்ணீர் என்று நடக்கும் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் அந்த உரிமைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். மாநிலத்து ஆறுகளில் சராசரியாக ஓடும் தண்ணீரைப் போல் ஐந்து மடங்குக்கு உரிமை எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தது. நூறு பேருக்குச் சமைத்துவிட்டு ஐந்நூறு பேருக்குப் பத்திரிகை வைத்த கல்யாண வீடு. எல்லாரும் ஒரே நாளில் வராத வரைக்கும் மானம் தப்பும்.

கொலராடோ ஆற்றிலும் இதே கதை. 1922இல் ஏழு மாநிலங்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தபோது கையில் இருந்த கணக்கு வழக்கத்தைவிட நல்ல மழை பெய்த வருஷங்களின் கணக்கு. 1944 ஒப்பந்தத்தில் மெக்சிகோவுக்கும் ஒரு பங்கு சேர்ந்தது. இந்த நூற்றாண்டில் சராசரியாகப் பார்த்தால் ஆறு அந்த அளவுக்கு ஓடவில்லை. 2021 ஆகஸ்டில்தான் முதல்முறையாக அதிகாரபூர்வமாகப் பற்றாக்குறை என்று அறிவித்தார்கள். அதுவரை அந்த ஆற்று அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரியில் சேர்த்து வைத்ததை எடுத்து ஓட்டினார்கள். ஆறு கடலைப் போய்ச் சேருவது அபூர்வம்.

எங்கள் பக்கத்துக்கு பி.ஏ.பி. வாய்க்கால். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பிக் கொண்டுவந்தது சாதாரண வேலை இல்லை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் ஆயக்கட்டு பிற்பாடு விரிந்தது. இன்றைக்கு மூன்றே முக்கால் லட்சம் ஏக்கருக்கு மேல், நான்கு மண்டலம். ஒரு மண்டலத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் மறுமுறை வர இரண்டு வருஷம். கடைமடையான வெள்ளகோவில் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், வாய்க்கால் இருக்கிறது, பாசன வரி ரசீது இருக்கிறது, தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள் என்பார்கள். நிலத்தை விற்கிறபோது 'பி.ஏ.பி. பாசனம்' என்று சொல்லி ஏக்கருக்கு விலை கூட்டுவது மட்டும் தவறாமல் நடக்கும்.

இரண்டாவது காரணத்தில்தான் நம்ம ஆட்கள் நன்றாகக் காது கொடுக்க வேண்டும். மரம்.

கலிபோர்னியாவில் மனிதர்கள் எடுத்துப் பயன்படுத்தும் தண்ணீரில் 80 சதவீதம் விவசாயத்துக்கு. உலகத்துப் பாதாமில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் விளைகிறது. முன்பு அந்தப் பள்ளத்தாக்கில் பருத்தி, கோதுமை, தக்காளி என்று ஒரு வருஷப் பயிர்கள் நிறைய. தண்ணீர் இல்லாத வருஷம் நிலத்தைச் சும்மா போட்டுவிடுவார்கள். நஷ்டம் அந்த வருஷத்தோடு போய்விடும். பாதாம் அப்படி அல்ல. வைத்து மூன்று நான்கு வருஷம் கழித்துத்தான் காய்க்கும், இருபத்தைந்து வருஷம் நிற்கும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருஷா வருஷம் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். ஒரு கோடை விட்டால் பத்து வருஷ முதலீடு விறகு. அதனால் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் தோப்புக்காரர் போரைத்தான் நம்புவார். வறட்சி நடந்த அதே வருஷங்களில் பாதாம் பரப்பு கூடிக்கொண்டே போனது என்பதை என் கண்ணால் பார்த்தேன். விலை அப்படி.

அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வராது. எங்கள் அப்பாரு காலத்தில் எங்கள் காட்டில் சோளம், கம்பு, கடலை, பருத்தி. மழை வந்தால் விதைப்பு, வராவிட்டால் ஆடு மாடு. அப்பா காலத்தில் தென்னை வந்தது. ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை, தென்னை வைத்தால் மாசா மாசம் ஏதாவது கைக்கு வரும், காங்கயத்தில் தேங்காய்க் களம் இருக்கிறது, கொப்பரைக்கு வியாபாரி தேடி அலைய வேண்டாம். எல்லாம் நியாயமான காரணங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக நியாயமான முடிவை எடுத்ததில் ஒரு வட்டாரம் முழுக்க வருஷம் பூராவும் தண்ணீர் கேட்கும் வட்டாரமாக மாறிவிட்டது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. நான் ஊர் திரும்பியது அந்தக் கோடையில். தென்னைக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மட்டை காய்ந்து தொங்க, கொண்டை ஒடிந்து நின்ற தோப்புகள் தாராபுரம் ரோடு நெடுக.

மூன்றாவது, நிலத்தடி நீர் யாருடையது என்ற கேள்வி. 2014 வரை கலிபோர்னியாவில் மாநில அளவில் அதற்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது. உன் நிலம், உன் போர், உன் சாமர்த்தியம். அந்த வருஷம் செப்டம்பரில்தான் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதுவும் மிக மோசமான பகுதிகள் 2040க்குள் சமநிலைக்கு வந்தால் போதும் என்ற கெடுவோடு. போர் போடுகிறவர் எத்தனை அடியில் என்ன மண், எங்கே தண்ணீர் என்று அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது பழைய சட்டம். ஆனால் 2015 வரை அந்த அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. உலகத்துக்கே வரைபடம் போட்டுக் கொடுக்கிற மாநிலத்தில், பக்கத்து வீட்டு போர் எத்தனை அடி என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

உறிஞ்சியதன் விளைவு அங்கே கண்ணுக்குத் தெரியும். அதே பள்ளத்தாக்கில் மெண்டோட்டா ஊருக்குப் பக்கத்தில் 1977இல் எடுத்த ஒரு படம் பிரபலம். ஜோசப் போலண்ட் என்ற நிலவியலாளர் ஒரு மின்கம்பத்துப் பக்கத்தில் நிற்கிறார். அவர் தலைக்கு மேல் எங்கோ உயரத்தில் 1925 என்று ஒரு பலகை. அந்த வருஷம் தரைமட்டம் அங்கே இருந்ததாம். ஏறக்குறைய 9 மீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. களிமண் அடுக்கில் இருந்த தண்ணீரை எடுத்துவிட்டால் அடுக்கு நசுங்கிவிடும், திரும்ப உப்பாது. நாங்கள் அங்கே குடியிருந்த பக்கமாகப் போன ஃப்ரையன்ட்–கெர்ன் வாய்க்காலும் இப்படித்தான் ஒரு இடத்தில் தரையோடு சேர்ந்து இறங்கியது. வாய்க்கால் புவியீர்ப்பில் ஓடுவது. நடுவில் பள்ளம் விழுந்தால் என்ன ஆகும்? அந்த இடத்தைத் தாண்டிப் போகும் தண்ணீரின் கொள்ளளவில் 60 சதவீதம் போய்விட்டது. தரைக்கு அடியில் எடுத்தவர்கள், தரைக்கு மேல் வருவதையும் கெடுத்துக்கொண்டார்கள்.

நமக்கு அடியில் பாறை. தரை இறங்காது. அதனால் பயமும் இல்லை. ஆனால் பாறையில் தண்ணீர் இருப்பது மேலே சிதைந்த மண்ணிலும், கீழே ஓடும் வெடிப்புகளிலும்தான். ஆயிரம் அடி போட்டால் ஆயிரம் அடிக்கும் தண்ணீர் இருக்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் மேலே கிணற்றில் ஊறுகிற தண்ணீரைத்தான் வெடிப்பு வழியாகக் கீழே இறக்கி எடுக்கிறோம். எங்கள் பங்காளி ஒருவர் கிணற்றைச் சுற்றி நாலு பக்கமும் ஆழமாகப் போர் விழுந்தபின், படி தெரியாமல் தண்ணீர் நின்ற கிணற்றில் இப்போது மயில் இறங்கி முட்டை வைக்கிறது.

இலவச மின்சாரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நகரத்து நண்பர்கள் அடித்துச் சொல்வார்கள். அங்கே தோப்புக்காரர்கள் மின்சாரத்துக்குக் காசு கட்டுகிறார்கள், அதுவும் நல்ல விலை. இருந்தும் இறைத்தார்கள். பயிர் விலை மின்கட்டணத்தைத் தாங்குகிற வரைக்கும் இறைப்பார்கள். கட்டணம் போட்டால் முதலில் நிற்பது ஏழை விவசாயியின் மோட்டார், பெரியவருடையது அல்ல. இது என் கருத்து. மீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அளப்பதற்கு மீட்டர் வேண்டும்.

நகரத்துப் புல்வெளியைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. வீட்டுத் தண்ணீரில் பாதிக்குப் பக்கம் வெளியே புல்லுக்கும் செடிக்கும் போகிறது, காய்ந்த புல்லுக்கு அபராதம் போட்ட குடியிருப்புச் சங்கங்களைத் தடுக்கவே 2014இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அவ்வளவுதான். கெட்டுப்போன தண்ணீரும் இல்லாத தண்ணீர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டுலேரி மாவட்டத்தில் உரமும் மாட்டுப்பண்ணைக் கழிவும் இறங்கி நைட்ரேட் கலந்த போர்கள் ஏராளம். சாயக்கழிவில் கெட்ட நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி, ஊருக்கு வந்தபின் செய்தவை.

முதலில் அளக்க ஆரம்பித்தேன். கிணற்றுக்குக் கயிறு போதும். போருக்குத்தான் யோசனை. அங்கே ஒரு பழைய போர்க்காரர் காட்டிய வித்தை இது: கயிற்று நுனியில் சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துக் கட்டி இறக்கினால், வாய் தண்ணீரைத் தொடும்போது 'டொப்' என்று ஒரு சத்தம் மேலே கேட்கும். இரண்டு மூன்று தடவை தூக்கித் தூக்கித் தட்டிப் பார்த்து, அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்து அடிக்கோலால் அளக்க வேண்டியதுதான். மோட்டார் இறக்கிய போரில் இதை நேராகச் செய்யாதீர்கள், கயிறு ஒயரில் சிக்கினால் மோட்டாரையே தூக்க வேண்டி வரும். மோட்டார் கழற்றும் சமயத்தில் பக்கத்தில் ஒல்லியான பி.வி.சி. குழாய் ஒன்றைச் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள், டம்ளருக்குப் பதில் அதற்குள் போகிற ஒரு இரும்புக் குழாய்த் துண்டு போதும். மாசம் ஒருமுறை, ராத்திரி முழுக்க மோட்டார் ஓடாமல் இருந்த காலையில், ஒரே இடத்தில் இருந்து அளக்க வேண்டும். நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு கோடை எழுதினால் போதும், உங்கள் தண்ணீர் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று யார் ஜோசியமும் இல்லாமல் தெரிந்துவிடும்.

அப்புறம் மோட்டார் எவ்வளவு தள்ளுகிறது என்பது. 'ரெண்டு இஞ்சு தண்ணி' என்று பேசுவது காதுக்கு நன்றாக இருக்கும், கணக்குக்கு உதவாது. 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்கு அடியில் வைத்து நேரம் பாருங்கள். 80 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 9,000 லிட்டர். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை. வெயில் காலத்தில் சொட்டுநீரில் மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் வைத்தால் ஏக்கருக்கு 4,550 லிட்டர். ஐந்து ஏக்கருக்கு 22,750. அந்த மோட்டார் இரண்டரை மணி நேரம் ஓடினால் போதும். எங்கள் தோட்டத்தில் மும்முனை மின்சாரம் இருக்கிற நேரம் பூராவும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கிறதே, ஓடட்டும் என்ற பழக்கம். இப்போது டைமர் போட்டிருக்கிறேன்.

மாமாவோடு எனக்கு வாக்குவாதம் வந்தது அடுத்த கணக்கில். வீட்டுக்குக் கிழக்கே எங்களுக்குக் கொரங்காடு இருக்கிறது. கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல். மாடு மேய்வதைத் தவிர வேறு வருமானம் இல்லை. "சும்மா கெடக்குது மாப்பிள்ளை, தென்னங்கன்னு வெச்சுட்டீங்கன்னா பசங்க காலத்துக்கு ஆகும்" என்றார்.

"வெச்சர்லாங் மாமா, தண்ணி எங்கிருந்து எடுக்கறது?"

"அதான் போர் இருக்குதில்லைங்."

நோட்டை எடுத்து அவர் முன்னால் போட்டுக் காட்டினேன். ஒரு ஏக்கரில் 600 மில்லிமீட்டர் பெய்தால் 24 லட்சம் லிட்டர். கேட்க நிறையத்தான். ஓடியது, ஆவியானது, புல்லும் செடியும் குடித்தது போக, நம்ம பாறை நிலத்தில் அடியில் இறங்குவது பத்தில் ஒரு பங்குக்கு முன்னப்பின்ன. இரண்டரை லட்சம் லிட்டர் என்று வையுங்கள். ஒரு ஏக்கர் தென்னைக்கு வருஷத்தில் 200 நாள் தண்ணீர் விட்டாலே 9 லட்சம் லிட்டர். ஆக ஒரு ஏக்கர் தென்னை, கிட்டத்தட்ட நாலு ஏக்கரில் இறங்கிய மழையைக் குடிக்கிறது. கொரங்காட்டில் ஒரு சொட்டுகூட இறைப்பதில்லை. அதில் இறங்குவது முழுக்க மிச்சம். அதையும் தோப்பாக்கினால் மிச்சம் போவது மட்டுமல்ல, பழைய தோப்போடு போட்டிக்கும் வந்துவிடும். மாமா கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் கணக்குப் பார்த்தா ஒருத்தனும் பண்ணையம் பண்ண முடியாதுங்" என்றார். ஒருவகையில் சரி. இதை ஊரில் எல்லாரும் போட்டுப் பார்த்தால் தென்னையைக் குறைக்க வேண்டியிருக்கும். நான் வயதான மரங்கள் விழுந்த இடத்தில் மறுபடி கன்று வைக்கவில்லை. அங்கே மழையை நம்பி உளுந்தும் சோளத்தட்டும் போடுகிறேன். தண்ணீர் இல்லாத வருஷம் அந்த இடம் என்னிடம் ஒன்றும் கேட்காது. கோடை நீண்டால் எந்த வரிசையை முதலில் விடுவது என்றும் தையிலேயே குறித்து வைத்துவிடுகிறேன். சித்திரையில் மரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த முடிவை எடுக்க யாராலும் முடியாது.

போர் போடுகிறபோது பக்கத்தில் நில்லுங்கள். கேசிங் (மேல்மண் சரியாமல் இறக்கும் குழாய்) எத்தனை அடி, முதல் ஈரம் எங்கே, தண்ணீர் எந்த அடியில் எவ்வளவு வந்தது, எந்த அடியில் வெறும் புகை என்று எழுதி, தேதி போட்டு, ரிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் அந்த விவரம் முழுக்க வண்டிக்காரர் ஞாபகத்தில்தான் இருக்கும், அவர் அடுத்த நாள் வேறு மாநிலத்தில் இருப்பார்.

தோட்டமோ வீட்டுமனையோ வாங்குகிறவர்கள் விற்பவரிடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை. சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள். சுற்றி நாலு தோட்டத்தில் கடைசியாக எப்போது போர் போட்டார்கள், அதற்கு முந்தியது எத்தனை அடி என்று கேளுங்கள். 300, 600, 1,000 என்று ஏறிக்கொண்டே வந்திருந்தால் வேறு எதுவும் கேட்க வேண்டாம். வாய்க்கால் பாசனம் என்றால் எந்த மண்டலம், மடையில் இருந்து எவ்வளவு தூரம், போன முறை கடைசி வரை வந்ததா என்பதைப் பத்திரத்தில் பார்க்காமல் பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேளுங்கள். அங்கே நான் வீடு எடுத்த தெருவில் இந்தக் கேள்வியை வாடகைக்கு வருகிற யாரும் கேட்டதில்லை.

டுலேரி என்பது முன்பு ஒரு ஏரியின் பெயரும்கூட. மிசிசிப்பிக்கு மேற்கே இருந்த நன்னீர் ஏரிகளிலேயே பெரியது. அதில் வந்து சேரும் ஆறுகளைத் திருப்பி, ஏரியை வற்றவைத்து, படுகையில் விவசாயம் செய்தார்கள். 2023இல் பேய்மழையும் பனியும் சேர்ந்து வந்தபோது ஏரி தன் இடத்துக்குத் திரும்ப வந்து நின்றது. கூட வேலை செய்த நண்பன் படம் அனுப்பினான், மின்கம்பங்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே. எனக்கு உடனே எங்கள் ஊர்க் குட்டைதான் நினைவுக்கு வந்தது. அதற்கு வரும் பள்ளத்தை மூடிப் பாதை போட்டாயிற்று. அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்கு 2024 ஆகஸ்டில் தண்ணீர் விட ஆரம்பித்தபோது எங்கள் பக்கமும் அப்படி ஒன்று வேண்டும் என்று பேச்சு வந்தது. வரட்டும், வேண்டாம் என்று யார் சொல்வார்கள். வருகிற வரைக்கும் பள்ளத்தையாவது தூர்வாரலாம் என்றேன். அதற்கு மட்டும் ஆள் சேரவில்லை.

கூரைத் தண்ணீர் சின்ன விஷயமாகத் தெரியும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 600 மில்லிமீட்டர் பெய்தால் 55,000 லிட்டருக்கு மேல். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இலேயே கட்டாயமானது, அப்போது வைத்த குழாய்களில் பாதி இன்று எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. எங்கள் சாளைக் கூரைத் தண்ணீரைப் பயன்படாத ஒரு பழைய போருக்குள் விடுகிறேன். இதில் கவனம் வேண்டும். காட்டில் ஓடும் கலங்கல் தண்ணீரையோ, கட்டுத்தரைப் பக்கம் வழிந்த தண்ணீரையோ போருக்குள் விடவே கூடாது. சேறு வெடிப்பை அடைத்துவிடும், சாணித் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக் குடிதண்ணீரில் போய்ச் சேரும். போரைச் சுற்றிக் குழி எடுத்து, அடியில் பெரிய கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல் போட்டு, குழிக்குள் இருக்கும் கேசிங்கில் துளையிட்டு நைலான் வலை சுற்றிவிட வேண்டும். முதல் மழைத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, இரண்டாவது மழையில் இருந்து உள்ளே விடுங்கள். மேல் மணலை வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், அள்ளிக் கழுவிப் போட வேண்டும். விட்டுவிட்டால் இரண்டாவது வருஷமே அடைத்துக்கொள்ளும், தண்ணீர் குழியிலேயே நின்று கொசுதான் வளரும்.